மகள் வாங்குவது வீடா, பங்கா?

இந்த மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ஐந்து கடிதங்களும் ஒரே வீட்டைப் பற்றியவை. அவ்வூர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் மகள், நியூயார்க் நகரில் புருக்ளின் ஹைட்ஸ் என்னும் அமைதியான, வசதியானவர்கள் வாழும் பகுதியில், கோ-ஆப் என்னும் கூட்டுறவுக் கட்டடம் ஒன்றில் ஒரு படுக்கையறை வீட்டை விலை பேசியிருக்கிறார். செய்தி கடைத்தெருவுக்கு வந்துவிட்டதால் அக்கம் பக்கத்தாரும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நான் முப்பது ஆண்டுகள் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலப் பத்திரங்களோடு வாழ்ந்தவன். என் தங்கை மகள் அதே பகுதியில் அதே வகை வீடு வாங்கியபோது, ஒவ்வொரு தாளையும் அவளோடு உட்கார்ந்து வாசித்தவன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகள் பார்த்திருக்கும் வீடு, 1927-இல் கட்டிய பத்து மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் இருக்கிறது. விலை 780,000 டாலர், மாதப் பராமரிப்பு 1,450 டாலர். கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், எப்போது கைக்கு வரும் என்று கேட்டேன். "கிராண்ட் கிடையாதுப்பா, 300 பங்கு கொடுப்பார்கள்" என்கிறாள். இவ்வளவு பணம் கொடுத்து வெறும் பங்கா? யாராவது ஏமாற்றுகிறார்களா?
— ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

ஐயா, யாரும் ஏமாற்றவில்லை. மகள் சொன்னது சரியான விவரம். அந்தக் கட்டடம் முழுவதும், அது நிற்கும் நிலம், கூரை, லிஃப்ட், அடித்தளத்துக் கொதிகலன், மகளின் சமையலறைச் சுவர் உட்பட, ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள்தாம். மகள் 300 பங்குகளை வாங்கும்போது, அவற்றிலிருந்து பிரிக்க முடியாதபடி புரொப்ரைட்டரி லீஸ் என்னும் குத்தகைப் பத்திரம் ஒன்றும் சேர்ந்து வரும். ஆறாவது மாடியில் இன்ன எண்ணுள்ள வீட்டில் குடியிருக்கும் உரிமை இந்தப் பங்குகளை வைத்திருப்பவருக்கு உரியது என்று அது சொல்லும். ஆக, பங்குச் சான்றிதழ் ஒன்று, குத்தகைப் பத்திரம் ஒன்று என இரண்டு தாள்கள். வங்கிக் கடன் எடுத்தால் இரண்டையும் வங்கி வாங்கி வைத்துக்கொள்ளும். நியூயார்க் சட்டம் இதை நிலச் சொத்தாகப் பார்ப்பதில்லை; அசையும் சொத்தாகவே பார்க்கிறது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு ஸ்டிராட்டா சட்டத்தின்படி அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி கிராண்ட் வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விநோதமாகத் தெரிவது இயல்பு.

ஆனால் உங்கள் வயதுக்காரருக்கு இதை விளக்க நான் நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்ற காலத்தை நீங்கள் அறிவீர்கள். வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போகும் என்ற பயத்தில் நம் மக்கள் இருந்தபோது, உங்கள் ஊரில் பிறந்த, அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றை வாங்குங்கள் என்று தொழிலாளர்களிடம் கேட்டார். பால்வெட்டுக் கூலியில் என் தகப்பனார் கட்டி வாங்கிய அந்தப் பங்குப் பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பிஸ்கட் டின்னுக்குள் என் தாயாரின் தாலிச் சிட்டையோடு வெகுகாலம் இருந்தது. அதைக் காட்டி இந்த நிரை மரம் என்னுடையது என்று அவர் கேட்டிருக்க முடியாது. ஆனால் சங்கம் வாங்கிய தோட்டம் எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு இருந்தது. மகள் வாங்குவதும் அந்த வகைப் பத்திரம்தான், இந்த வீடு இன்னாருக்கு என்று சொல்லும் குத்தகை ஒன்று கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது.

அங்கேயும் இது பணக்காரர்களுக்கு மட்டும் உரிய ஏற்பாடாக இருந்ததில்லை. 1880களில் மன்ஹாட்டனில் வசதியுள்ளவர்கள் கூடிக் கட்டியது உண்டு. ஆனால் புருக்ளினிலேயே சன்செட் பார்க் பகுதியில், ஃபின்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் 1916-இல் கையில் இருந்ததைப் போட்டு ஒரு கூட்டுறவுக் கட்டடம் எழுப்பி, அதற்கு அல்கு என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் தொடக்கம் என்று பொருள். 1927-இல் பிராங்ஸ் பகுதியில் தையல் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகக் கட்டிய கூட்டுறவுக் குடியிருப்பு இன்றும் நடக்கிறது. மகளின் கட்டடம் எப்போது கோ-ஆப் ஆனது என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துக் கட்டடங்களில் பல, வாடகைக் கட்டடங்களாகவே இருந்து, பிற்பாடு, குறிப்பாக 1980களில், குடியிருந்தவர்களுக்கே பங்குகளாக விற்கப்பட்டவை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கிராண்ட் இல்லாததைப் பற்றி இல்லை, நிறுவனத்தின் தலையில் உள்ள கடனைப் பற்றி. கட்டடத்தையே அடகு வைத்து நிறுவனம் வாங்கிய கடன் பெரும்பாலான கோ-ஆப்களில் உண்டு. நிறுவனத்துக்கு மொத்தம் 20,000 பங்குகளும் 40 லட்சம் டாலர் கடனும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மகளின் 300 பங்குக்கு உரிய கடன் 60,000 டாலர். விலைப் பட்டியலில் இந்த எண் தெரியாது. ஆனால் அதன் வட்டி அவள் கட்டும் 1,450 டாலருக்குள் மாதாமாதம் இருக்கும். அந்த 1,450-இல் நகராட்சிச் சொத்து வரி, வாயில் காவலர் மற்றும் பணியாளர் சம்பளம், சூடேற்றும் எரிபொருள், வெந்நீர், காப்புறுதி எல்லாமும் அடங்கும் என்பதால், அதை நம்மூர் அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். கட்டத் தவறினால் மட்டும் நிலைமை கடுமையாகும். வீட்டுக் கடன் கொடுத்த வங்கிக்கும் முன்னால் நிறுவனத்துக்குத்தான் முதல் உரிமை. குத்தகையை ரத்துசெய்து பங்குகளை விற்கவும் அதற்கு முடியும். அண்டை வீட்டார் நாலு பேர் கட்டாமல் விட்டால் அந்தப் பள்ளத்தை நிரப்புவதும் மற்றப் பங்குதாரர்கள்தாம். ஆகவே, தணிக்கை செய்த மூன்று ஆண்டுக் கணக்கு, கையிருப்பு நிதி எவ்வளவு, பாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், நிறுவனத்தின் கடன் எந்த ஆண்டு புதுப்பிக்க வருகிறது, இவை தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நூறு வயதைத் தொடும் கட்டடம். மகள் "பிரீவார், பிரீவார்" என்று பெருமையாகச் சொல்கிறாள். பழையதற்கு ஏன் இந்த விலை? அது நிற்குமா?
— அதே வாசகர்

இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியவற்றைத்தான் அங்கே பிரீவார் என்கிறார்கள். அந்தப் பெருமையில் உண்மை உண்டு. என் தங்கை மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தேன். கதவைத் திறந்ததும் கூடத்தில் கால் வைக்க முடியாது. முதலில் சிறிய நுழைகூடம், அங்கிருந்து வளைவு வாசல் வழியாகத்தான் கூடம். உட்கூரை ஒன்பது அடிக்கு மேல். சுவர்கள் பலகை இல்லை, கையால் பூசிய கனமான சாந்து. ஆணி அடித்தால் உதிரும், ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது காதில் விழாது. ஓக் மரத் தரை மீன்முள் வரிசையில் பதிக்கப்பட்டு, வாசலருகே பல ஆண்டு நடையில் சற்றே குழிந்து மினுங்கும். இன்றைய கட்டடத்தில் இந்த வேலைப்பாட்டுக்கு ஆள் கிடைப்பதும் அரிது.

வெப்பம் தருவது ரேடியேட்டர். ஜன்னலடியில் நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் போன்ற அதற்குள் நீராவி ஏறும். நம் தோட்ட ஆலைகளில் பாய்லர் பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். விடிகாலையில் அடித்தளத்தில் கொதிகலன் உறுமும். சற்று நேரத்தில் குழாய்க்குள் டக் டக் என்று இரும்பு விரியும் ஒலி. பிறகு ரேடியேட்டரின் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனில் இருக்கும் வெள்ளி நிற வால்வு "ஸ்ஸ்" என்று உள்ளே இருந்த காற்றை வெளியே விட்டு, ஆவி வந்து தொட்டதும் தானாக வாயை மூடிக்கொள்ளும். அது மூடாமல் நீரைக் கக்கினால் வால்வு கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒற்றைக் குழாய் ரேடியேட்டராக இருந்தால், தரையோரத்துத் திருகை முழுதாகத் திறக்க வேண்டும், இல்லையேல் முழுதாக மூட வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்பும் நீர் வழியில் சிக்கிச் சம்மட்டி அடித்தாற்போல் இரவெல்லாம் இடிக்கும். முதல் வாரம் இது தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டு, யாரோ சுவரை உடைக்கிறார்கள் என்று நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே ஏறக்குறைய 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உள்ளே 20 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். உண்மையில் அதற்கு மேலேயே சூடு வரும். 1918-இன் இன்ஃபுளுவென்சாவுக்குப் பின், பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து நல்ல காற்று வாங்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வலியுறுத்தியதால், ஜன்னல் திறந்திருந்தாலும் வீடு சூடாக இருக்கும்படி பெரிய ரேடியேட்டர்களைப் பொருத்திய காலம் அது. உங்கள் மகளும் ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குவாள்.

கட்டடம் நிற்குமா என்றால், நிற்கும். ஆனால் அதை நிறுத்தி வைப்பதற்குச் செலவு உண்டு. 1979-இல் மன்ஹாட்டனில் ஒரு கட்டடத்தின் முகப்பிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு கீழே நடந்துபோன கல்லூரி மாணவி ஒருவரைக் கொன்றது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. 1998-இல் அது இன்னும் இறுகியது. ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தகுதியுள்ளவரை வைத்துச் சோதித்து அறிக்கை தர வேண்டும். பத்து மாடி என்பதால் மகளின் கட்டடம் இதற்குள் வரும். செங்கல் பூச்சு, பால்கனி விளிம்பு, கூரைக் கைப்பிடிச் சுவர் என்று எதையாவது பழுதுபார்க்கச் சொன்னால் நடைபாதை மேல் மரக்கூரை போட்டு, சாரம் கட்டி, மாதக் கணக்கில் வேலை நடக்கும். கையிருப்பு போதாவிட்டால் அசெஸ்மென்ட் என்று பங்குக்கு இவ்வளவு என வசூலிப்பார்கள். அத்தோடு 2019-இல் நிறைவேறிய 97-ஆம் எண் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கரியமில வாயு வெளியேற்றத்துக்கு 2024 முதல் வரம்பு வைத்திருக்கிறது. 2030-இல் அந்த வரம்பு இன்னும் குறையும். மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். எண்ணெயில் எரியும் பழைய கொதிகலன் இருந்தால் அதை மாற்றும் செலவு எப்போது, எப்படி என்று இப்போதே கேட்க வேண்டும்.

இதையெல்லாம் வாய்வார்த்தையில் கேட்டால் எல்லாரும் நல்லபடியே சொல்வார்கள். எழுத்தில் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு: நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புப் புத்தகம். வாங்குபவரின் வழக்கறிஞர் அதை வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும். தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ கோயில் நிர்வாகத்திலோ இருந்தவர்களுக்கு, உண்மை எந்த வரியில் ஒளிந்திருக்கும் என்று தெரியும். அங்கே வீடுகளை ஏ வரிசை, பி வரிசை என்று மேலிருந்து கீழாக அழைப்பார்கள்; ஒரே வரிசை வீடுகள் எல்லாம் ஒரே நீர்க்குழாயில் தொங்குபவை. என் தங்கை மகள் முதலில் பார்த்த வீட்டின் கூட்டக் குறிப்பில், மார்ச்சில் பி வரிசை மூன்றாம் மாடியில் கசிவு, செப்டம்பரில் ஏழாம் மாடியில் கசிவு, மறு பிப்ரவரியில் ஐந்தாம் மாடியில் கசிவு என்று மூன்று தனித்தனி வரிகள் இருந்தன. அவள் பார்த்த வீடும் பி வரிசை. மூன்று கசிவும் ஒரே குழாயின் கதை, அது முடியும் நிலையில் இருக்கிறது, மாற்றும்போது அவள் சமையலறைச் சுவரை உடைப்பார்கள் என்று வழக்கறிஞர் எடுத்துச் சொன்னபின் அந்த வீட்டை விட்டுவிட்டாள். கூடத்தின் அழகைப் பார்த்த கண்ணுக்கு அந்த மூன்று வரிகள் தெரியவே இல்லை.

இன்னொன்று. ஈயம் கலந்த வர்ணத்தை நியூயார்க் நகரம் 1960-இல்தான் வீடுகளில் தடைசெய்தது. எனவே 1927-இன் ஜன்னல் சட்டத்தில் அடுக்கடுக்காக அது இருக்கக்கூடும். பேரப்பிள்ளை வரும் காலத்துக்கு முன் சோதித்துவிடச் சொல்லுங்கள்.

பகுதியின் அமைதிக்கும் காரணம் உண்டு. புருக்ளின் ஹைட்ஸ் 1965-இல் நியூயார்க்கின் முதல் வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அன்று முதல் அங்கே ஒரு வீட்டை இடிக்கவோ முகப்பை மாற்றவோ பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். தெருவைப் பார்த்த ஜன்னலை மாற்றக்கூட வேண்டும். பைன்ஆப்பிள், ஆரஞ்சு, கிரேன்பெர்ரி என்று பழப்பெயர் தாங்கிய மூன்று குறுந்தெருக்களும், மரநிழலும், ஆற்றுக்கு அப்பால் மன்ஹாட்டன் முழுவதும் தெரியும் நடைமேடையும் அங்கே இருக்கின்றன. மாலையில் அந்த நடைமேடையில் பெஞ்சு கிடைத்தால் நீங்கள் எழுந்து வரமாட்டீர்கள்.

கேள்வி: இப்படி ஒரு வீட்டை வாங்கிப் போட்டு வாடகைக்கு விடலாமா? அங்கேயும் 99 ஆண்டு லீஸ் நிலம் என்று உண்டா?
— மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

முதலாவதற்கு: அதை நம்பி வாங்க வேண்டாம். பல கோ-ஆப்களில், முதலில் சில ஆண்டுகள் தானே குடியிருந்த பிறகு, ஐந்து ஆண்டுக்கு இரண்டு ஆண்டு என்பது போன்ற கணக்கில்தான் வாடகைக்கு விட அனுமதிப்பார்கள், வாடகைக்காரரையும் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். விற்கும்போது ஃபிளிப் டாக்ஸ் என்று விலையில் ஒன்று முதல் மூன்று விழுக்காடு வரை நிறுவனம் எடுத்துக்கொள்வதும் பல இடங்களில் உண்டு. இரண்டாவதற்கு: உண்டு. சில கோ-ஆப்களில் கட்டடம் மட்டும் நிறுவனத்தினுடையது, நிலம் வேறொருவரிடம் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை புதுப்பிக்கும் ஆண்டில் நில வாடகை பல மடங்கு ஏறிப் பராமரிப்புக் கட்டணமும் கூடவே ஏறும். அப்படிப்பட்ட வீடு விலை மலிவாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். மகளின் கட்டடம் சொந்த நிலத்தில் நிற்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேட்கலாம்.

கேள்வி: பணம் கொடுத்து வாங்குபவரை ஒரு குழு நேர்காணல் செய்து வேண்டாம் என்று சொல்ல முடியுமாமே? நம் பெண் என்பதாலேயே மறுத்துவிட்டால்?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

முடியும் அம்மா. பங்குதாரர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு, வாங்க வருபவரின் இரண்டு ஆண்டு வருமான வரித்தாள், வங்கிக் கணக்கு, முதலாளியின் கடிதம், நண்பர்களின் பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்து, அதன்பின் அழைத்துப் பேசும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கடமை அதற்கு இல்லை. இனம், மதம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றுக்காக மறுப்பது 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்துக்கு விரோதம். நகரத்தின் மனித உரிமைச் சட்டம் குடியுரிமை நிலையையும் சேர்த்துக் காக்கிறது. ஆனால் காரணம் சொல்லாத மறுப்பில் எந்தக் காரணம் ஒளிந்திருந்தது என்று எப்படிக் காட்டுவது? இந்த ஏற்பாட்டில் என் மனம் ஒப்பாத இடம் இதுதான். சம்பந்தன் பத்து வெள்ளி கொண்டு வந்த எவரையும் திருப்பி அனுப்பவில்லை. யாரோடு குடியிருப்பது என்று தீர்மானிக்கும் உரிமையைக் கேட்பவர்கள், ஏன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

இருந்தாலும் பெரும்பாலான மறுப்புகள் கணக்கில்தான் விழுகின்றன. கடன் தவணையும் பராமரிப்பும் சேர்ந்து வருமானத்தில் 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பல குழுக்கள் எதிர்பார்க்கின்றன. இரண்டும் சேர்ந்து மாதம் 5,400 டாலர் என்றால், மாத வருமானம் 18,000 முதல் 21,600 டாலர் வரை இருக்க வேண்டும். வாங்கி முடித்த பிறகும் ஓராண்டு அல்லது ஈராண்டுத் தவணைக்குச் சமமான தொகை வங்கியில் மீதம் இருக்க வேண்டும். ஈராண்டு என்றால் ஏறத்தாழ 130,000 டாலர். வெளிநாட்டவராக இருந்தால் சில மாதப் பராமரிப்பை முன்கூட்டியே ஒரு கணக்கில் கட்டி வைக்கச் சொல்வதும் உண்டு. இந்தக் கணக்கு சரியாக இருந்தால் நேர்காணல் அநேகமாக முகம் பார்க்கும் சடங்கு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, சமையலறையை இடிக்கும் திட்டத்தை அன்றைக்குப் பேசாமல் இருப்பது நல்லது.

கேள்வி: தங்கைக்கு உதவ அப்பா எங்கள் இரண்டு ஏக்கர் செம்பனை நிலத்தை விற்று அனுப்புவதாகச் சொல்கிறார்; தன் பெயரையும் பங்கில் சேர்க்க வேண்டும் என்கிறார். செய்யலாமா?
— மூத்த மகன், சுங்கை சிப்புட்

தம்பி, அப்பாவின் பெயரைச் சேர்க்க வேண்டாம். அந்த வீட்டில் குடியிருக்கப் போகாதவரைப் பங்குதாரராக ஏற்கப் பல குழுக்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கோ-ஆப் பங்கு அமெரிக்க நிறுவனத்தின் பங்கு. அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாக வாழ்பவராகவோ இல்லாத ஒருவர் அதை வைத்துக்கொண்டு இறந்தால், 60,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்புக்கு அந்நாட்டு மரணச் சொத்துவரி வரும். நம் நாட்டில் 1991-இல் எடுத்துவிட்ட வரியை அங்கே போய்க் கட்டுவானேன்?

பணம் அனுப்புவதானால் பரிசாகவே அனுப்பலாம். திருப்பித் தர வேண்டியதில்லை என்று அப்பா கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வங்கியும் குழுவும் கேட்கும். பரிசுப் பணத்தையே விரும்பாத கோ-ஆப்களும் உண்டு என்பதால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கை அங்கே வரி செலுத்துபவராக இருந்து, ஓர் ஆண்டில் 100,000 டாலருக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பரிசு வாங்கினால், 3520 எண்ணுள்ள படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வரி இல்லை, ஆனால் தெரிவிக்கத் தவறினால் அபராதம் கனமானது. நிலத்தை விற்பது பற்றி என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பணம் 20 விழுக்காடு, அதாவது 156,000 டாலர், தங்கையிடம் இல்லையென்றால் அவளுக்கு அந்த வீடு இன்னும் இரண்டு ஆண்டு கழித்து வரட்டும். அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் குலை வெட்டிக் காசு தரும் நிலத்தை விற்ற பணத்தில் எடுத்த வீட்டில், அடுத்த ஆண்டு அசெஸ்மென்ட் வந்தால் விற்பதற்கு வேறு என்ன இருக்கும்?

கேள்வி: சமையலறையில் ஒருவர்தான் நிற்க முடியுமாம், துணி துவைக்கும் இயந்திரம் வைக்கவே கூடாதாம். நாங்கள் போய் மூன்று மாதம் தங்கினால் விடுவார்களா? தாளித்தால் பக்கத்து வீட்டார் புகார் சொல்வார்களா?
— கிராணியின் மனைவி, சுங்கை சிப்புட்

தங்கலாம் அம்மா. குடியிருப்பவரின் நெருங்கிய குடும்பத்தாரை உடன் வைத்துக்கொள்ள அம்மாநிலச் சட்டமே இடம் தருகிறது. வாயில் காவலரிடம் உங்கள் பெயரை முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.

இயந்திரம் கூடாது என்பதற்குக் காரணம் அந்தக் காலத்துக் கழிவுநீர்க் குழாய்கள். நுரையோடு ஒரே மூச்சில் இறங்கும் நீரை அவை தாங்காமல், கீழ்வீட்டுக்காரரின் தொட்டியில் நுரை பொங்கி வரும். துணி துவைக்க அடித்தளத்தில் பொது இடம் இருக்கும். அங்கேதான் அண்டை வீட்டாரோடு பேச்சும் பழக்கமும் வரும். சமையலறையைப் பெரிதாக்கலாம் என்றும் மகள் ஆசைப்படக்கூடும். நீர் புழங்கும் அறையைக் கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேல் நீட்ட விடமாட்டார்கள். சுவருக்குள் ஓடும் நீராவிக் குழாயைத் தொடவும் விடமாட்டார்கள். ஃபிப்த் அவென்யூவில் ஒருவர் சமையலறைக்காக அந்தக் குழாயை நகர்த்தப் போய், குழு தடுத்து, வழக்கு மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் வரை சென்று, 1990-இல் குழுவின் பக்கம் தீர்ப்பானது.

தாளிப்பு வாசத்தைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் அங்கே மனம் நோகிறார்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி பெரும்பாலும் புகையை வெளியே அனுப்பாது. வடிகட்டி அதே அறைக்குள் விடும். சமையலறை ஜன்னல் கட்டடத்தின் நடுவே உள்ள காற்றுக் கிணற்றைப் பார்த்திருந்தால், அங்கே விட்ட வாசம் மேல்மாடி ஜன்னல்கள் வழியாக ஏறும். வாசற்கதவின் கீழ் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, தெருவைப் பார்த்த கூடத்து ஜன்னலில் வெளித்தள்ளும் விசிறியை வைத்துக்கொண்டால் கறிவேப்பிலையும் கடுகும் யாரையும் தொந்தரவு செய்யாது. காய்ந்த மிளகாயையும் பெலாச்சான் என்னும் இறால் விழுதையும் மட்டும் திறந்த வாணலியில் வறுக்காதீர்கள்; பெலாச்சானை அலுமினியத் தாளில் சுற்றி, மூடிய ஓவன் அடுப்புக்குள் வைத்துச் சுட்டால் வாசம் உள்ளேயே அடங்கும். உரலுக்குக் கீழே நான்காக மடித்த தடித்த துண்டு வேண்டும், ஏனென்றால் மரத்தரையில் இடிக்கும் ஒலி கீழே நேராக இறங்கும். தரையில் 80 விழுக்காட்டைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்ற விதி பல கட்டடங்களில் இருப்பதும் இதனால்தான். செருப்பை வாசலுக்கு வெளியே விடக் கூடாது. அந்த நடைவழி நிறுவனத்துக்கு உரியது, தீ பிடித்தால் எல்லாரும் ஓட வேண்டிய பாதை. கோலத்தையும் உள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள்.

சாமி படம் எங்கே வைப்பது என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். நுழைகூடத்தில் கோட்டு மாட்டுவதற்கென்று கதவு வைத்த ஆழமான அலமாரி ஒன்று அந்தக் காலத்து வீடுகளில் அநேகமாக இருக்கும். என் தங்கை மகள் கோட்டுகளைப் படுக்கையறைக்கு மாற்றிவிட்டு, அதற்குள் ஒரு பலகை அடித்து முருகனை வைத்திருக்கிறாள். புகை உணர்கருவி அலறும் என்பதால் சாம்பிராணி இல்லை, சிறிய மின்விளக்குதான். மாலையில் அலமாரிக் கதவைத் திறந்தால் அந்த வெளிச்சம் வளைவு வாசல் தாண்டிக் கூடத்துத் தரை வரைக்கும் வரும்.